வைல்ட்ஃப்ளை: ராத்திரி ரிலீஸுக்கு உட்காருகிறவள் பார்வையில்

நான் கோட் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதி, பில்ட் போட்டு, "ரெடி அக்கா, ஏத்திடுங்க" என்று அனுப்பும் வார் ஃபைலையும் இயர் ஃபைலையும் (ஜாவா ஆப்பைக் கட்டி அனுப்பும் பொட்டலங்கள்) வாங்கி சர்வரில் ஏற்றி, அது விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆரம்பத்தில் பல வருஷம் வெப்லாஜிக், ஆரக்கிளின் ஜாவா ஆப் சர்வர். பிறகு ஆபீஸில் லைசென்ஸ் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், அதே வேலையை இலவசமாகச் செய்கிற வைல்ட்ஃப்ளைக்கு வந்தோம். இணையத்தில் இதைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பாலானவை டெவலப்பர்கள் எழுதியவை. எந்த ஏபிஐ இருக்கிறது, எந்த ஜாவா வெர்ஷனில் ஓடும் என்பதோடு அவை முடிந்துவிடும். ஏற்றிய பிறகு வருகிற ஆறு மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பழைய ஆட்களுக்கு ஜேபாஸ் என்றால்தான் தெரியும். அதே சர்வர்தான். ரெட் ஹேட் நிறுவனம் ஜேபாஸை 2006-ல் வாங்கியது. 2011-ல் வந்த ஏழாம் வெர்ஷனில் உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 2014-ல் எட்டாம் வெர்ஷனிலிருந்து இலவசமாகக் கிடைப்பதற்கு வைல்ட்ஃப்ளை என்று பெயர், காசு கொடுத்து சப்போர்ட்டோடு வாங்குவதற்கு ஜேபாஸ் இஏபி என்று பெயர். ஐந்தாம் ஆறாம் வெர்ஷன்களில் வேலை பார்த்துவிட்டு "ஜேபாஸா, ஸ்டார்ட் ஆகவே பத்து நிமிஷம்" என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதை ஏழிலேயே முடிந்துவிட்டது. இப்போது ஆப் எதுவும் ஏற்றாத வெறும் சர்வர் சில விநாடிகளில் எழுந்துவிடும்.

இன்ஸ்டால் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிப்பை விரித்தால் போதும். ஸ்டாண்டலோன், டொமைன் என்று இரண்டு விதமாக ஓட்டலாம். ஸ்டாண்டலோனில் எல்லா செட்டிங்கும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கும். ஆப் 8080-ல், நிர்வாகம் 9990-ல். அட்மின் யூசர் என்று முன்கூட்டியே யாரையும் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். ஆட்-யூசர் ஸ்கிரிப்டை ஓட்டி நாமே உருவாக்க வேண்டும். நிர்வாகப் போர்ட்டும் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் திறந்திருக்கும். முதல் முறை போடுகிறவர்கள் "கன்சோல் திறக்கவே மாட்டேங்குது" என்று கேட்பது இதனால்தான். எனக்கு இந்தக் கெடுபிடி பிடிக்கும். அட்மின் என்று யூசர், அட்மின் என்று பாஸ்வேர்ட், போர்ட் ஊருக்கே திறப்பு என்று சர்வர் வைத்திருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த சர்வரின் உயிர் அதன் கமாண்ட் லைனில் இருக்கிறது, ஜேபாஸ்-சிஎல்ஐ. உள்ளே போனால் சர்வரின் மொத்த அமைப்பும் ஒரு மரம் மாதிரி விரியும். சப்சிஸ்டம், அதற்குள் டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸோடு பேசுவதற்கான அமைப்பு), அதற்குள் பூல் சைஸ் (வைத்திருக்கக்கூடிய கனெக்ஷன்களின் உச்ச எண்ணிக்கை) என்று டேப் கீயைத் தட்டித் தட்டியே போய்விடலாம். கமாண்ட் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. எந்த மதிப்பையும் படிக்கலாம், மாற்றலாம். மாற்றியது உடனே பலிக்குமா, ரீலோட் வேண்டுமா, முழு ரீஸ்டார்ட்டே வேண்டுமா என்று அதுவே பதிலில் சொல்லும். வெப்லாஜிக் கன்சோலில் 'லாக் அண்ட் எடிட்' அழுத்தி, நாலு பக்கம் தாண்டி, 'ஆக்டிவேட் சேஞ்சஸ்' அழுத்திப் பழகிய எனக்கு இது முதலில் வறட்டுத்தனமாகத் தெரிந்தது. இப்போது கன்சோல் பக்கமே போவதில்லை.

இதன் அருமை எங்கே தெரிந்தது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். லாரி கம்பெனி ஒன்றுக்கு பில்லிங் ஆப் ஓட்டிக் கொடுக்கிறோம். மாதக் கடைசியில் அவர்கள் எல்லாக் கிளையிலும் ஒரே நேரத்தில் பில் போடுவார்கள். ஒரு மாதக் கடைசி சாயங்காலம் ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன். லாக்கில் வரிசையாக ஒரே எரர்: பூலில் கனெக்ஷன் இல்லை, 30,000 மில்லிசெகண்ட் காத்திருந்தும் கிடைக்கவில்லை. இந்த 30 விநாடி வைல்ட்ஃப்ளையின் இயல்பான காத்திருப்பு. பூல் சைஸும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 20 தான்.

ஷிஃப்டில் என்னோடு இருந்த பையன் உடனே, "அக்கா, பூல் சைஸை நூறாக்கிடலாமா?" என்றான்.

"டேட்டாபேஸ் நூறு தாங்குமான்னு டிபிஏகிட்ட கேட்டியா? முதல்ல அந்த இருபதும் யார் கையில இருக்குன்னு பாரு."

பூலின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இயல்பாக அணைந்தே கிடக்கும், முதலில் அதை எழுப்ப வேண்டும். பிறகு படித்தால் எத்தனை கனெக்ஷன் உபயோகத்தில், எத்தனை கையிருப்பில், அதிகபட்சம் எவ்வளவு போனது என்று எல்லாம் கொட்டும். உபயோகத்தில் இருபது. டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்கிற டிபிஏ தன் பக்கம் பார்த்தால் அந்த இருபதில் முக்கால்வாசி சும்மா உட்கார்ந்திருக்கிறது, க்வெரி எதுவும் ஓடவில்லை. அதாவது ஆப் வாங்கிய கனெக்ஷனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லீக்.

அன்றைக்கு பூலைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு முறை ஃப்ளஷ் அடித்து (பூலில் இருந்த கனெக்ஷன்களை வெளியேற்றி) பில்லிங்கை முடித்துவிட்டோம். மறுநாள் டெஸ்ட் சர்வரில் ஜேசிஏ சப்சிஸ்டத்தில் இருக்கும் கனெக்ஷன் மேனேஜரின் டீபக்கை ஆன் செய்து ரீலோட் கொடுத்தேன். இந்த வசதி இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. ஆன் செய்தால், ஒரு ரிக்வெஸ்ட் முடியும்போது மூடாமல் விட்ட கனெக்ஷனை சர்வரே மூடிவிட்டு, "உனக்காக நான் மூடுகிறேன், இனிமேல் தயவுசெய்து நீயே மூடு" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கையை லாக்கில் எழுதும். கூடவே அந்தக் கனெக்ஷனை எந்த க்ளாஸில் எந்த வரியில் வாங்கினார்கள் என்று ஸ்டாக் ட்ரேஸ் வரும். பில் ரத்து செய்கிற ஸ்கிரீனில், எக்ஸெப்ஷன் வந்தால் மட்டும் போகிற ஒரு வழியில் மூடாமல் விட்டிருந்தார்கள். ஸ்டாக் ட்ரேஸை அப்படியே டிக்கெட்டில் ஒட்டி அனுப்பினேன். வழக்கமாக "எங்க சைடு பிரச்சனை இல்ல, சர்வரை செக் பண்ணுங்க" என்று வருகிற பதில் அன்றைக்கு வரவில்லை. இந்த டீபக்கை புரொடக்ஷனில் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள், ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ட்ரேஸ் எடுப்பது சும்மா வராது.

கமாண்ட் லைனில் இன்னொரு நல்ல காரியம், எல்லாவற்றையும் ஸ்கிரிப்டாக எழுதி வைக்கலாம். டேட்டாசோர்ஸ், க்யூ, லாக் அளவு, எஸ்எஸ்எல் எல்லாம் ஒரே ஃபைலில். பேட்ச் என்று தொடங்கி ரன்-பேட்ச் என்று முடித்தால் எல்லாம் சேர்ந்து பலிக்கும், நடுவில் ஒன்று தவறினால் எதுவும் பலிக்காது. சர்வரை எழுப்பாமலே எம்பெட்-சர்வர் போட்டு செட்டிங்கை மாற்றலாம். டெஸ்ட், யுஏடி (வாடிக்கையாளர் சரிபார்க்கும் சர்வர்), புரொடக்ஷன் மூன்றும் ஒரே ஸ்கிரிப்டிலிருந்து பிறந்தால் "டெஸ்ட்ல ஓடுச்சே" என்ற பேச்சு பாதியாகக் குறையும்.

மாறாக, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்எம்எல் ஃபைலை விஐ எடிட்டரில் திறந்து கை வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை யாராவது கன்சோலிலோ சிஎல்ஐயிலோ ஏதாவது மாற்றினால், சர்வர் தன் நினைவில் இருப்பதை அந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும், நீங்கள் எழுதியது போய்விடும். அக்கறையாக எழுதி வைத்த கமெண்ட்டுகளும் போய்விடும். ஆனால் பழைய நிலைகளை ஹிஸ்டரி என்று ஒரு ஃபோல்டரில் அதுவே சேர்த்து வைக்கும்: முதலில் இருந்தது, கடைசியாக நல்லபடி பூட் ஆனது, கடைசி மாற்றத்துக்கு முந்தையது. இதை நம்பித் தூங்கிய ராத்திரிகள் உண்டு.

டிப்ளாய்மென்ட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் வாரைக் காப்பி செய்துவிட்டுக் காத்திருப்பது. சர்வர் ஐந்து விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும். ஏற்றும்போது பக்கத்திலேயே .இஸ்டிப்ளாயிங் என்று ஒரு மார்க்கர் ஃபைல் தோன்றும், முடிந்தால் அது .டிப்ளாய்ட் ஆகும், தோற்றால் .ஃபெயில்ட். அந்த .ஃபெயில்ட் ஃபைலைத் திறந்தால் ஏன் தோற்றது என்று உள்ளேயே எழுதியிருக்கும். பெரிய இயர் ஃபைல் மெதுவான லைனில் பாதி வந்துகொண்டிருக்கும்போது அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளாமல் முழுசாக வரக் காத்திருக்கிற அளவுக்கு விவரமும் உண்டு. டெவலப்பர் லேப்டாப்புக்கு இது சுகமான வழி. புரொடக்ஷனில் இப்படி எட்டிப் பார்க்கிற ஸ்கேனரையே நான் அணைத்துவிடுவேன். யார் எப்போது எந்த ஃபைலைப் போட்டார்கள் என்பதற்குக் கணக்கு இருக்காது.

இன்னொரு வழி சிஎல்ஐயில் டிப்ளாய் கமாண்ட். தோற்றால் தோற்றது என்று முகத்துக்கு நேரே சொல்லும், பழைய நிலைக்குத் திருப்பவும் பார்க்கும். ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பில்டையும் டிப்ளாயையும் தானாக ஓட்டுகிற ஜென்கின்ஸில் கோத்து வைக்க இதுதான் தோது. டெவலப்பர்கள் வார் பெயரிலேயே வெர்ஷன் நம்பரைச் சேர்த்து அனுப்பினால் யூஆர்எல்லும் அதற்கேற்ப மாறிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். ரன்டைம் பெயரை ஒரே மாதிரி கொடுத்து ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

ரிலீஸ் ராத்திரியில் ஏமாறக்கூடிய ஒரு இடம் உண்டு. ஆப் ஏறாமல் தோற்றிருந்தாலும் சர்வர் எழுந்துவிடும். லாக்கின் கடைசியில் 'ஸ்டார்ட்டட்' என்று வரும். தூக்கக் கண்ணோடு பார்க்கிறவருக்கு அது போதும், "சர்வர் அப்" என்று மெயில் தட்டிவிட்டுப் போய்விடுவார். அடைப்புக்குறிக்குள் 'வித் எரர்ஸ்' என்று இருப்பதைப் படிக்க வேண்டும். எங்கள் செக் ஸ்கிரிப்ட் இப்போது அந்த வார்த்தைகளைத்தான் தேடுகிறது.

எரர் மெசேஜ்கள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்திருப்பது நல்லது, தேடிப் பிடிக்கலாம். ஆனால் ஒரு டேட்டாசோர்ஸ் பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றால், "இன்ஸ்டால் ஆகாத தேவையான சர்வீஸ்கள்" என்று அரைப் பக்கத்துக்கு ஜேபாஸ் டாட் நேமிங் டாட் கான்டெக்ஸ்ட் டாட் ஜாவா என்று நீண்டுகொண்டே போகும். புதுப் பையன்கள் அதைப் பார்த்ததும் மிரண்டுபோகிறார்கள். அந்த நீளத்தின் கடைசி வார்த்தையைப் பார், அங்கேதான் பெயர் இருக்கும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

க்ளாஸ்லோடிங்கும் (ஆப்புக்கு வேண்டிய லைப்ரரிகளை சர்வர் எடுத்துக் கொடுக்கும் விதம்) அப்படித்தான். உள்ளே ஒவ்வொரு லைப்ரரியும் தனித்தனி மாட்யூல், ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாது. ஒரு ஆப்பின் ஜார் இன்னொரு ஆப்பைக் கெடுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம், அருமையான ஏற்பாடு. ஆனால் டாம்கேட் என்கிற இன்னொரு சின்ன ஜாவா சர்வரில் ஓடிய வாரை அப்படியே இங்கே கொண்டுவந்தால், அது தன்னோடு தூக்கிவருகிற ஜேக்சன், ரெஸ்ட்ஈஸி மாதிரி லைப்ரரிகள் சர்வரிடம் இருப்பவற்றோடு மோதும். எதை விலக்க வேண்டும் என்று டிப்ளாய்மென்ட் ஸ்ட்ரக்சர் ஃபைல் ஒன்று எழுதி வாருக்குள் வைக்க வேண்டும். எழுதினால் தீர்ந்துவிடும். எழுத வேண்டும் என்று டெவலப்பருக்குப் புரிய வைப்பதில்தான் நேரம் போகிறது.

இயல்பான செட்டிங்குகளில் நான்கை முதல் நாளே மாற்றுங்கள். ஹீப், அதாவது ஆப்புக்கு ஒதுக்கும் மெமரி, 512 எம்பி என்று வரும், எந்த நிஜமான ஆப்புக்கும் போதாது. க்ளாஸ்களை ஏற்றி வைக்கும் மெட்டாஸ்பேஸுக்கும் 256 எம்பி உச்சவரம்பு இருக்கும். ரீஸ்டார்ட் செய்யாமல் திரும்பத் திரும்ப ரீடிப்ளாய் செய்கிற டெஸ்ட் சர்வர் அதில்தான் முட்டி விழும். அப்புறம் லாக். சர்வர் லாக் தினம் ஒரு ஃபைலாக மாறும், ஆனால் பழையதை அது ஒருநாளும் அழிக்காது. டிஸ்க் நிரம்பிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதுதான் ஊர் வழக்கம். அளவு வைத்துச் சுழலும் ஹேண்ட்லருக்கு மாற்றி, எத்தனை பழைய ஃபைல் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதே லாக் சப்சிஸ்டத்தில் எனக்குப் பிடித்தது, ஓடுகிற சர்வரில் ஒரே ஒரு பேக்கேஜுக்கு மட்டும் டீபக் லெவல் கொடுத்து, பார்த்துவிட்டு எடுத்துவிடலாம், ரீஸ்டார்ட் வேண்டாம். இன்னொன்று, டேட்டாசோர்ஸில் கனெக்ஷன் வேலிடேஷன் (கனெக்ஷன் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது) தானாக வராது. டேட்டாபேஸ் ஒரு முறை விழுந்து எழுந்தால், பூலில் செத்த கனெக்ஷன்கள் அப்படியே இருந்து ஆப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வெப் கன்சோல் பார்க்க லட்சணமாக இருக்கிறது. மேனேஜர் வந்து நிற்கும்போது காட்டலாம். யார் எதை மாற்றலாம் என்று மானிட்டர், ஆபரேட்டர், டிப்ளாயர் என ஏழு ரோல்கள் உண்டு, ஆனால் நாம் இயக்காதவரை உள்ளே வந்த எல்லாருக்கும் எல்லா அதிகாரமும் இருக்கும். ஆடிட் லாகும் அணைந்துதான் வரும். பேங்க் மாதிரி இடங்களுக்குப் போகிற சர்வர் என்றால் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

டொமைன் மோடு பற்றிச் சுருக்கமாக: ஒரே இடத்தில் உட்கார்ந்து பல மெஷின்களில் இருக்கும் சர்வர்களை க்ரூப்பாக நிர்வகிப்பதற்கு. இதை க்ளஸ்டர் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்குவது) என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். செஷன் பகிர்வுக்கு ஹெச்ஏ ப்ரொஃபைல் வேண்டும், அதை ஸ்டாண்டலோனிலேயே ஓட்டலாம். எங்களிடம் பல மெஷின்களை ஒரே ஸ்கிரிப்டிலிருந்து அமைக்கிற அன்சிபிள் இருப்பதால் டொமைன் மோடு தேவைப்படவில்லை. ஒரு டஜன் மெஷின், அன்சிபிள் தெரிந்த ஆள் இல்லை என்றால் அது உதவும். வெப்லாஜிக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அட்மின் சர்வர், நோட் மேனேஜர் பழக்கம் இருப்பதால் சீக்கிரம் புரிந்துவிடும்.

இப்போது உண்மையான வலி, அப்கிரேடு. 2018-லிருந்து சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் என்று வருகிறது. புதியது வந்துவிட்டால் பழையதற்கு செக்யூரிட்டி ஃபிக்ஸை எதிர்பார்க்காதீர்கள், புதியதற்குத் தாவ வேண்டியதுதான். ஒரே வெர்ஷனில் வருஷக் கணக்கில் இருந்து பேட்ச் மட்டும் வாங்க வேண்டும் என்றால் இஏபி சப்ஸ்கிரிப்ஷன் எடுக்க வேண்டும். காசு இல்லாத சர்வரின் விலை இதுதான். செட்டிங் எல்லாம் ஸ்கிரிப்டாக இருந்தால் புது ஜிப்பை விரித்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்துவிடலாம், பெரும்பாலும் ஓடிவிடும். இரண்டு இடத்தில் மட்டும் மலை ஏற வேண்டும். 2021-ல் வந்த 25-ல் பழைய செக்யூரிட்டி அமைப்பைத் தூக்கிவிட்டார்கள். பழைய செக்யூரிட்டி டொமைன், ரியல்ம் எல்லாவற்றையும் எலிட்ரான் என்கிற புதிய செக்யூரிட்டி முறைக்கு மாற்றி எழுத வேண்டும். எலிட்ரான் திறமையானதுதான், ஆனால் ஒரு சாதாரண டேட்டாபேஸ் லாகினுக்கே ரியல்ம், டொமைன், ஆதென்டிகேஷன் ஃபேக்டரி என்று ஒரு சங்கிலியாகக் கட்டச் சொல்லும்.

இரண்டாவது, 2022-ல் வந்த 27. ஜாவா இஇ, அதாவது இந்த மாதிரி சர்வர்கள் பின்பற்றும் ஜாவா விதிமுறைத் தொகுப்பு, ஆரக்கிள் கையிலிருந்து எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய் ஜகார்த்தா இஇ ஆனது. ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. 26 வரை பழைய பெயர், 27-லிருந்து புதிய பெயர். பழைய வாரை 27-ல் வைத்தால் ஓடாது. கோடில் இம்போர்ட் வரிகளை மாற்றினால் போதும் என்று டெவலப்பர்கள் ஆரம்பத்தில் சொல்வார்கள். ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் நேமிங் மாதிரி ஜாவாவோடேயே வருகிறவை மாறுவதில்லை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் கூடாது. அதைவிட, ஆப்புக்குள் இருக்கும் பழைய ரிப்போர்ட்டிங் லைப்ரரி, எக்ஸ்எம்எல் லைப்ரரி எல்லாமே புதிய பெயருக்கு மாறியிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத ஜார் ஒன்று உள்ளே இருந்தால் அங்கே நின்றுவிடும். இது வைல்ட்ஃப்ளையின் குற்றம் இல்லை, புதிய ஜகார்த்தாவுக்குப் போகிற எந்த சர்வரிலும் இதே கதைதான்.

யாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஆப், ஜாரிலேயே சர்வரைத் தூக்கிக்கொண்டு கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் வைல்ட்ஃப்ளை எதற்கு? வெறும் ஜேஎஸ்பியும் சர்வ்லெட்டும் என்றால் டாம்கேட் போதும். இஜேபி (சர்வரே நிர்வகிக்கும் ஜாவா கூறுகள்), மெசேஜிங், எக்ஸ்ஏ ட்ரான்ஸாக்ஷன் (பல டேட்டாபேஸ்களைச் சேர்த்து ஒரே வேலையாக முடிப்பது) என்று இருக்கிற ஆப்கள், அதுவும் நாலைந்து ஆப்களை ஒரு சின்ன டீம் பார்த்துக்கொள்கிறது, சிஎல்ஐயில் உட்காரத் தயாரான ஆள் ஒருவராவது உண்டு என்றால் தயங்காமல் எடுக்கலாம். அந்த ஆள் இல்லாமல் கன்சோலையும் விஐயையும் மட்டும் நம்புகிற இடம் என்றால் இஏபி வாங்கி சப்போர்ட்டுக்கு போன் போடுவது மலிவு.

எங்களிடம் புதிய ஆப்கள் எல்லாம் 27-க்கு மேலே வந்துவிட்டன. லாரி கம்பெனி பில்லிங் மட்டும் இன்னும் 26-லேயே இருக்கிறது, அந்த ரிப்போர்ட்டிங் ஜாரால். மாற்றிக் கொடுக்கத் தேதி கேட்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். "அடுத்த ஸ்பிரின்ட்ல பாக்கலாம் அக்கா" என்று பதில் வந்திருக்கிறது.